கிழவன் ஜெயித்த நாடகம்

உட்கார்ந்தே சொல்கிறேன், நீதிபதி ஐயா, முழங்கால் வலி. கிழவன் வேஷத்துக்கு அது சௌகரியம். தனியாக நொண்டி நடிக்க வேண்டியதில்லை.

எங்கள் நாடகக் குழுவில் எழுதிவைத்த வசனம் கிடையாது. கதை மட்டும் தெரியும். பேச்சு அந்தந்த நேரத்தில் வாயில் வருவது. எதிராளி எதை வீசினாலும் பதில் கொடுத்தே ஆக வேண்டும். அதில் ஒர்சோலாவைப் போலக் கெட்டிக்காரி பாதுவா நகரத்திலேயே இல்லை. கதையில் அவளை எனக்குத்தான் நிச்சயித்திருப்பார்கள். தினமும் என்னைத் தடியால் சாத்திவிட்டு வாலிபனைக் கட்டிக்கொள்வாள். எத்தனை வருஷம்தான் தோற்பது?

இந்த வசந்தத்தில் வந்து சொன்னாள்: "தாதேயோ அண்ணே, ஞாயித்துக்கிழமையோட மேடையை விடறேன். சாயக்காரர் ஜெர்வாசோவைக் கட்டிக்கப் போறேன். நீங்கதான் முன்னால நின்னு நடத்தி வைக்கணும்."

நடத்தி வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே.

ஜெர்வாசோ நல்லவன்தான். ஆனால் கை எப்போதும் நீலம். அந்தக் கையில் மோதிரம் எடுபடுமா? அவள் நன்மைக்குத்தான் யோசித்தேன்.

திருச்சபைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? பெண்ணின் பங்குச் சாமியாரும் இரண்டு சாட்சிகளும் கேட்கச் சம்மதம் சொன்னால் போதும். சாமியார் ஆசி தரக்கூட வேண்டாம். எங்கள் சாமியாருக்கு நாடகம் என்றால் உயிர். முன்வரிசையில் நாற்காலி போட்டு, பாதாம் மிட்டாயும் கொடுத்து, பக்கத்தில் என் சிநேகிதர்கள் இருவரை உட்கார வைத்தேன்.

கடைசிக் காட்சியில் முகமூடியைக் கழற்றினேன். "தாதேயோ நான், ஒர்சோலா உன்னை இப்பவே பொண்டாட்டியா ஏத்துக்கறேன். என்னடி சொல்றே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் சும்மா விடுவாளா?

"அடடே, பல்லு போன மாப்பிள்ளை! ஒர்சோலா நான், தாதேயோவை இப்பவே புருஷனா ஏத்துக்கறேன். வாயைத் தொறங்க, கஞ்சி ஊத்தறேன்!"

கீழே இறங்கி, "சாமி, கேட்டீங்கல்ல?" என்றேன். அவர் மிட்டாயை மெல்வதை நிறுத்தினார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒர்சோலா சிரிப்பதை நிறுத்தினாள்.

ஆயர் மன்றத்தில், "விளையாட்டுக்குச் சொன்னேன், சாமி" என்று அழுதாள். சொன்னது சொன்னதுதான் என்று தீர்ப்பாயிற்று. ஜெர்வாசோ ஊரைவிட்டே போய்விட்டான். புருஷன் இருக்கும் குழுவை விட்டுப் பெண்டாட்டி எங்கே போவாள்?

திட்டம் போட்டுச் செய்தாயா என்றுதானே கேட்கிறீர்கள்? ஆமாம் ஐயா, நாற்காலி முதல் மிட்டாய் வரை. ஆனால் அந்தத் தீர்ப்பை மாற்றி இந்தக் கல்யாணத்தை ரத்துசெய்யச் சொல்லி உங்கள் மேல்மன்றத்தில் அவளே மனுக் கொடுத்தாள் என்கிறீர்களே, அதைத்தான் நம்ப முடியவில்லை. முன்பெல்லாம் மேடையில் என்னை அடிக்கச் சத்தம் மட்டும் வரும் போலித் தடிதான் வைத்திருப்பாள். இப்போது அவளே தேடிப் பிடித்து நல்ல ஆலிவ் மரத் தடி வாங்கி வந்திருக்கிறாள். பிரியமில்லாதவள் புருஷனுக்காக இவ்வளவு மெனக்கெடுவாளா?