வக்கீலாபீஸ் நாடகம்

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் காலை டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், மடியில் டிபன் பையோடு. அவர்களில் ஜன்னலோரம் இருந்த மூத்தவள் திடீரென்று சொன்னாள்:

“இனி அந்த வக்கீலாபீஸ் நாடகத்தப் போட்டா, டிவியத் தூக்கிக் கெணத்துல போட்டுருவேன்னு ஊட்ல சொல்லிப்போட்டேன்.”

“ஏங்க்கா, நல்லாச் சிரிப்பாத்தான இருக்கு. கேஸ் கட்டு மேல சாம்பாரக் கொட்டிட்டு அந்தக் குமாஸ்தா முழிப்பாருல்ல,” என்றாள் சின்னவள், தெற்கத்திப் பேச்சில்.

“உனக்குச் சிரிப்பு கண்ணு. எங்கூட்டுக்காரருக்குக் கட்டிங் மெஷின்ல ரெண்டு வெரல் போயி, கம்பெனி மேல கேஸ் போட்டிருக்கறோம். எப்பப் போனாலும் வாய்தா. என்னாச்சுன்னு கேக்கலாம்னு நேத்துப் பொழுதோட ரெண்டு பேரும் எங்க வக்கீலப் பாக்கப் போனோம். அங்கயும் அதே நாடகம் ஓடுது. வக்கீலு தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்கறாரு. ‘அப்படியே நம்ம ஆபீசாட்டவே இருக்குது’ங்கறாரு. வெளம்பரம் வந்தாத்தான் பேசுவாராமா. அது வரைக்கும் எங்கூட்டுக்காரரு வெரலில்லாத கையக் கட்டீட்டு நின்னாரு.”

“உங்க கேஸ் கட்டு எங்கன்னு கேட்டீகளா?”

“கேட்டேன். தேடோணுமாமா.”

“அப்ப வேற வக்கீலப் பாக்க வேண்டியதுதானக்கா.”

“எனக்குத் தெரிஞ்ச இன்னொரு வக்கீலு கம்பெனிக்காரனோட வக்கீலுதான். அவரும் அங்கதான் இருந்தாரு. பக்கத்துச் சேர்ல உக்காந்து, இவரு தட்டுல இருந்த முறுக்க எடுத்துத் தின்னுட்டே சிரிச்சாரு.”