இருமல் பொத்தான்

உங்கள் மின்விசிறிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும், ஆய்வாளர் அவர்களே. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் முனகுகிறது. உங்களுக்கெல்லாம் பழகிவிட்டது போலிருக்கிறது. எனக்குப் பழகாது. என் காது அப்படி வளர்ந்தது.

நிதானமாகவே சொல்கிறேன், எழுத்தர் அவசரப்படாமல் எழுதிக்கொள்ளலாம். வானொலியில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் எல்லோரையும் போலத்தான் பேசுவேன். ஒலிவாங்கிக்கு முன்னாலும் அரசாங்க மேசைக்கு முன்னாலும் உட்கார்ந்தால் மட்டும் பேச்சு தானாக இப்படி நிமிர்ந்துகொள்ளும். நான் சொல்வதில் அடித்தல் திருத்தல் இருக்காது. உங்களுக்குக் காகிதம் மிச்சம்.

என் மனைவி எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா கண்டு இறந்தாள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அது தலைப்புச் செய்தி. நீங்கள் விரிவான செய்தி கேட்கிறீர்கள்.

எங்கள் குடும்பம் குரலை வைத்துப் பிழைத்த குடும்பம். என் தகப்பனார் நீதிமன்ற வாசலில் நின்று வாதி பிரதிவாதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர். அவர் கூப்பிட்டால் தெருக்கோடியில் நிற்கிற குற்றவாளிகூடத் தன்னை அறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வான் என்பார்கள். அவர் பொது இடத்தில் இருமி யாரும் பார்த்ததில்லை. நானும் அப்படித்தான். வானொலி நிலையத்தில் செய்தி வாசிக்கும் மேசையில் ஒரு சிறிய பொத்தான் உண்டு. இருமல் வந்தால் அதை அழுத்திக்கொண்டு இருமலாம். விரலை எடுக்கும் வரை ஒலிவாங்கி செவிடாக இருக்கும். இருமல் பொத்தான் என்று அதற்குப் பெயர். சக வாசிப்பாளர்கள் அதைத் தேய்த்துத் தேய்த்துக் கூழாங்கல்லாக்கி வைத்திருந்தார்கள். என் பணிக்காலம் முழுவதும் என் விரல் அதன்மேல் பட்டதில்லை. நிலையத்தில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

வீட்டிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். நான் வாசித்துப் பழகும் முன்னறையிலும் குடும்பம் புழங்கும் பின்னறையிலும் அறைக்கொரு சிவப்பு விளக்கு, இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அது எரிந்தால் யாரும் பேசக் கூடாது, தும்மக் கூடாது, இருமக் கூடாது. என் மகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே தலையணைக்குள் தும்மப் பழகினாள். மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கு நிலாவைக் காட்டுவார்கள், எங்கள் குழந்தைக்கு விளக்கைக் காட்டினோம். அவள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு வக்கீலுக்கு வாழ்க்கைப்பட்டு, ஊரின் மறுகோடியில் நன்றாகவே இருக்கிறாள். அவளுடைய குழந்தைகள் அந்த வீட்டில் கண்ட நேரத்தில் கத்துகிறார்கள். அது மாப்பிள்ளை வீட்டுச் சம்பிரதாயம், நான் தலையிடுவதில்லை.

மனைவிக்குச் சாதாரணச் சளியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தல். இருமல் என்றால் அப்படி ஓர் இருமல், பாதாளக் கரண்டியை விட்டுக் கிணற்றைத் துழாவுகிற மாதிரி. எதிர்வீட்டுக்காரர் என்னிடம் மிகுந்த அக்கறையோடு, "வீட்டுல யாருக்கு சார் டிபி?" என்று கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றைக்கே ஜன்னல்களைச் சாத்தினேன்.

தெருமுனையில் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டரம்மாவை வரவழைத்தேன். என் மகளைவிடச் சின்னப் பெண். முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"வலது பக்கம் நுரையீரல்ல நல்லா சளி கட்டியிருக்கு சார். மாத்திரை குடுத்திருக்கேன். ஆனா இருமல்தான் இப்ப அவங்களுக்குத் துணை, இருமி இருமித்தான் அது வெளிய வரணும். இருமலை அடக்குற மருந்து எதையும் குடுத்துடாதீங்க. தூக்க மாத்திரையும் கூடாது. மல்லாக்கப் படுக்க வைக்காம தலையணை வெச்சு சாய்ச்சே உக்கார வைங்க. ஆவி பிடிக்கட்டும். உதடு நீலமாச்சுன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, யோசிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க."

இதை நான் ஒரு சொல் பிசகாமல் உங்களுக்குத் திருப்பிச் சொல்ல முடிகிறது, கவனித்தீர்களா? எனக்குப் புரியவில்லை என்று மாப்பிள்ளை உங்களிடம் சொல்லியிருக்கிறார். பிறர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் புரிந்துகொண்டு வாசித்தே காலம் தள்ளியவன் நான். ஒரு டாக்டரம்மா நேரில் நின்று சொன்னது எனக்குப் புரியவில்லையாம். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு இதையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆரம்பத்தில் எல்லாம் சொன்னபடியே செய்தேன். தலையணைகளை அடுக்கினேன். ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கட்டிலருகே மகள் வாங்கி வந்து வைத்த சின்ன மணி அடித்தால் எழுந்து போனேன். ஓர் ஆண்பிள்ளை இவ்வளவு செய்ததை எங்கள் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை. அவளும் கொஞ்சம் தேறி வந்தாள். தேறி வந்ததற்கு அடையாளம், வாய்த்துடுக்கு திரும்பியதுதான். "ஏங்க, இருமறது நான். வெக்கப்படறது மட்டும் ஏன் நீங்க?" என்று கேட்டாள். மானம் என்பது கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை.

அப்போதுதான் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பொன்விழாவுக்காகப் பழைய குரல்களை அவரவர் வீட்டிலேயே சந்தித்துப் பதிவு செய்கிறார்களாம். இயல்பான குடும்பச் சூழல் வேண்டுமாம். நிகழ்ச்சி தயாரிக்கும் பெண் என்னைத்தான் முதல் ஆளாகக் கேட்டாள். ஓய்வு பெற்ற பிறகு என் குரலைக் கேட்டு வந்தவர்கள் பால்காரரும் மின்கட்டண ஊழியரும்தான். ஒப்புக்கொண்டேன். உங்களுக்கு ஏதாவது விருது கொடுக்க வந்தால் நீங்கள் என்ன, காலில்லாத நாற்காலியை வாசலில் போட்டா உட்கார வைப்பீர்கள்? நம் வீட்டில் இருக்கிற குறையைப் பின்னால் தள்ளி வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன்.

பதிவுக்கு முதல் நாள் அவளுக்கு மறுபடி காய்ச்சல் ஏறியது. மூச்சு வாங்கியது. "ஏங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க, முடியல," என்றாள். அவள் தனக்கென்று எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அதனால் நான் உடனே மறுக்கவில்லை, யோசித்துப் பார்த்தேன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பொது வார்டு, பத்துப் பேர் பார்வை, எதிர்வீட்டுக்காரர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வருவார். பதிவு தள்ளிப்போகும், வேறு குரலைத் தேடிப் போவார்கள். நாளைக்கு முடிந்ததும் போகலாம் என்றேன்.

"சாகறதுக்குக்கூட உங்ககிட்ட நேரம் கேட்டு வாங்கணும் போல," என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அதனால்தான் சிரிக்க வேண்டாம் என்று சொல்வேன்.

மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அம்மாகிட்ட குடுங்கப்பா."

"தூங்குறா."

"எப்பக் கூப்பிட்டாலும் தூங்குறாங்களேப்பா."

"உடம்பு சரியில்லாதவ தூங்காம, மேடையேறி ஆடுவாளா?"

"இல்லப்பா, நாளைக்கு நான் ஒரு எட்டு வந்து பாக்கறேன்."

"நாளைக்கு ரெக்கார்டிங். சாயங்காலமா வா. பிள்ளைகளக் கூட்டிட்டு வராத."

சரி என்றாள். வளர்ப்பு அப்படி. சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் வளர்ந்த பெண் எதிர்த்துப் பேச மாட்டாள்.

செய்தி வாசிப்பவர்கள் வீட்டில் இருமலை அடக்கும் மருந்து இல்லாமல் இருக்காது. என்னிடமும் ஒரு புட்டி இருந்தது. மருந்துக்கடைக்காரர் எப்போதும் எனக்கென்று எடுத்து வைப்பார், "சார் தொண்டை நாட்டோட சொத்து" என்பார். அவருக்கு என் குரலின் அருமை தெரிந்த அளவுக்கு வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். பதிவு நாளன்று அந்தப் புட்டியில் மூடிக்கணக்கைப் பார்க்காமல், இருமல் நிற்கும் அளவு என்று பார்த்துக் கொடுத்தேன். கூடவே என் தூக்க மாத்திரையில் ஒன்று. "டாக்டரம்மா வேணாம்னாங்களே," என்றாள். "அவங்களுக்கு இன்னைக்கு ரெக்கார்டிங் இல்ல," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடித்தாள்.

சாய்ந்து உட்கார்ந்திருந்தால் இருமல் வருகிறது என்பதால் தலையணைகளை உருவிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தேன். வெந்நீர்ப் பாத்திரம் கொதிக்கும்போது சீறும், எடுத்துவிட்டேன். மணியையும் எடுத்துவிட்டேன். மணி இருந்தால் அடிக்கத் தோன்றும். ஜன்னலில் கம்பளிகளைத் தொங்கவிட்டேன், கதவுக்கு வெளியே பழைய மெத்தையைச் சாய்த்து வைத்தேன். ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவர்களில் செய்வதுதான். காற்று குறையும், ஒலியும் குறையும். எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு.

பிறகு விளக்கைப் போட்டேன். முன்னறையிலும் எரிந்தது, அவள் தலைக்கு மேலும் எரிந்தது.

தயாரிப்புப் பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கைப் பார்த்து, "இன்னும் வெச்சிருக்கீங்களா சார்," என்று ஆசையாகக் கேட்டாள். நல்ல பெண். தகப்பனாரைப் பற்றிச் சொன்னேன், முதல் நாள் செய்தி வாசித்த அனுபவத்தைச் சொன்னேன். வீட்டில் எப்படி என்று கேட்டாள். என் வெற்றிக்குப் பின்னால் இருப்பது என் மனைவியின் மௌனம் என்றேன். அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் கையை உயர்த்தினாள். "சாரி சார், ஏதோ தட்டுற சத்தம் கேக்குது."

எனக்கும் கேட்டது. உள்ளிருந்து டக், டக் என்று. இங்கே ஒன்றை நான் என் மனைவிக்காகச் சொல்லியாக வேண்டும். விளக்கு எரியும்போது இருமக் கூடாது என்றுதான் அவளுக்கு விதி. தட்டக் கூடாது என்று நான் சொன்னதே இல்லை. விதியில் இருந்த அந்தச் சின்ன ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தாள். கெட்டிக்காரி.

"பக்கத்து வீட்டுல மரவேலை நடக்குதும்மா," என்றேன். "இப்ப நின்னுடும்."

"அப்ப வெயிட் பண்ணலாமா சார்?"

"பண்ணலாம்."

காத்திருந்தோம். அவள் தண்ணீர் குடித்தாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். தட்டல் வேகமாக வந்தது, பிறகு விட்டுவிட்டு வந்தது, பிறகு ஒன்றே ஒன்று. நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று நானே சொன்னேன். அரைகுறையாகத் தொடங்குவது எனக்குப் பிடிக்காது.

பிறகு அவள் கேட்டாள், "நீங்க ஒரு தடவைகூட இருமல் பொத்தானை அழுத்தினதே இல்லையாமே சார்?"

"ஒருமுறைகூட இல்லை," என்றேன். ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டுப் பாருங்கள். அந்த வாக்கியம் மிகச் சுத்தமாக விழுந்திருக்கும். பின்னால் ஊசி விழுந்த சத்தம்கூட இருக்காது.

அந்தப் பெண் போன பிறகு மெத்தையை நகர்த்திவிட்டு உள்ளே போனேன். மனைவியின் கையில் மருந்துக் கரண்டி, கை கட்டிலின் இரும்புக் காலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. உதடு, டாக்டரம்மா சொன்ன அதே நிறம். இன்னொரு கையால் துண்டை வாய்க்குள் திணித்துப் பிடித்திருந்தாள். அதாவது, கடைசிவரை இருமலை வெளியே விடவில்லை. குடும்ப மானம் தெரிந்தவள் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மாலையில் மகள் வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க மறந்திருந்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள், தலைக்கு மேலே பார்த்தாள். அழுகையைத் தலையணைக்குள் புதைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வீதி முழுக்கக் கேட்கும்படி அழுதாள். எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். டாக்டரம்மாவை அழைத்து வந்தவரும் அவர்தான். அந்தப் பெண் இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட மறுத்ததால்தானே உங்களுக்கு இந்தச் சிரமம்.

எழுத்தர் வாசிக்கட்டும், கேட்கிறேன்.

தம்பி, முற்றுப்புள்ளியில் மூச்சு விட வேண்டும், நடுவில் விடக் கூடாது. சரி, மேலே படியுங்கள்.

நிறுத்துங்கள். கடைசி வரியில் "மருத்துவர் கூறியதைச் சரிவரப் புரிந்துகொள்ளாமல், பக்கத்து வீட்டு ஓசை என்று கருதி, அலட்சியத்தால்" என்று இருக்கிறது. இது மாப்பிள்ளையின் கைவரிசை. இப்படி எழுதினால் தண்டனை குறையுமாம், குடும்பப் பெயருக்கும் நல்லதாம். மாமனாரின் மானத்தைக் காப்பாற்றுகிற லட்சணம்.

ஆய்வாளர் அவர்களே, நான் உள்ளே வந்ததும் உங்கள் மின்விசிறி ஒரே இடத்தில் முனகுகிறது என்று சொன்னேன். மரத்தில் சுத்தியல் படுகிற ஓசை வேறு, இரும்பில் கரண்டி படுகிற ஓசை வேறு. இந்தக் காதுக்கா அது தெரியாது? முதல் தட்டிலேயே தெரிந்தது. கடைசித் தட்டு எது என்பதும் தெரிந்தது. அது கடைசிதானா என்று உறுதி செய்துகொண்டுதான் பேசத் தொடங்கினேன்.

அடித்தல் திருத்தல் இருக்காது என்று சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும், ஒன்றே ஒன்று இருக்கிறது. "அலட்சியத்தால்" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். என் வாழ்நாளில் எந்த வேலையையும் நான் அலட்சியமாகச் செய்ததில்லை.