சிக்ரித்தோட கண்கள்

ஹாலிவுட்ல வெயில் ஜாஸ்திதான் ஐயா, ஆனா சாயங்காலம் காத்து நல்லா வருது. புடாபெஸ்ட்ல இருந்து சினிமாவுல நடிக்க வந்த எடெல்கா மேடம்கூடவே கப்பல் ஏறி வந்தவ நான். அவங்களுக்குத் தலை வாரி, முகப்பூச்சு போட்டு, உடுத்திவிடறதுதான் என் வேலை. கல்யாணம், குழந்தைன்னு நான் எதையும் நினைக்கல. எனக்கு அவங்க போதும்.

அப்புறம், மேடத்தைக் கூட்டிட்டு வந்த அதே ஸ்டுடியோ டென்மார்க்ல இருந்து சிக்ரித்துன்னு இன்னொரு நடிகையைக் கொண்டுவந்துச்சு. மேடம் மாதிரியே மெல்லிசா வழிச்ச புருவம், மேடம் மாதிரியே பாதி மூடின கண்ணு. சம்பளத்தைப் பத்தி மேடம் வாயைத் திறந்தாப் போதும், ஸ்டுடியோ முதலாளி "சரி, சிக்ரித்தைக் கூப்பிடு"ம்பாரு. ரெண்டு பேரும் கீரியும் பாம்பும்னு பத்திரிகையில எழுதினாங்க. மேடம் அதைப் படிச்சிட்டுச் சிரிப்பாங்க. உள்ளுக்குள்ள என்ன பாடு பட்டாங்கன்னு எனக்குத்தானே தெரியும்.

படப்பிடிப்பு விளக்குல எல்லாருக்கும் கண் எரியும். சாயங்காலம் சொட்டு மருந்து விட்டுக்காத நடிகையே கிடையாது. சிக்ரித்தோட பணிப்பெண் வேலையை விட்டுப் போனப்ப, நான்தான் போய் உதவினேன். நல்ல பொண்ணு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். "போரிஷ்கா அக்கா, உங்க கைப்பட விட்டாத்தான் எனக்கு நிம்மதி"ம்பா. அந்த மருந்துல நான் வேற ஒண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தேன். ஒரேயடியாச் சேர்த்தா வலிக்கும், பாவம். குளிர்காலம் முடியறதுக்குள்ள பார்வை போயிடுச்சு. டாக்டர் விளக்கு மேல பழியைப் போட்டாரு.

மேடம் சந்தோஷப்படுவாங்கன்னு பார்த்தேன். தேம்பித் தேம்பி அழுதாங்க.

"எங்களை மோதவிட்டது முதலாளிடீ. இந்த ஊர்ல என் கஷ்டம் புரிஞ்சவ அவ ஒருத்திதான்."

ஞாயித்துக்கிழமை ஸ்டுடியோவுக்குத் தெரியாம பின்வாசல் வழியா அவ வீட்டுக்குப் போவாங்களாம், ரெண்டு பேரும் சேர்ந்து சூப் வெப்பாங்களாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல ஐயா. அதுதான் என் மனசை அறுத்துச்சு.

அதுக்கப்புறம் தினமும் அங்கேதான். அவளுக்குப் படிச்சுக் காட்டறதென்ன, கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறதென்ன. போன வாரம், "நான் சிக்ரித் வீட்டுக்கே குடி போறேன் போரிஷ்கா, நீ ஊருக்குத் திரும்பிப் போயிடு"ன்னு சொன்னாங்க. கோபமாக்கூடச் சொல்லல.

நீங்க சிக்ரித்தைப் பத்தி மட்டும்தான் கேட்டீங்க. ஆமா, நான்தான் செஞ்சேன். எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போகணும். மேடம் முழிச்சுக்கற நேரம். அவங்களுக்கு மெதுவா விட நேரமில்ல, நேத்து ராத்திரி தூக்க மருந்தைக் குடுத்துட்டு, மொத்தத்தையும் கண்ணுல விட்டுட்டேன். எழுந்ததும் இருட்டுல என்னைத்தான் தேடுவாங்க. என்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா?