இரண்டு நிமிடம் அசையாமல்

ஒரு நாற்காலி நல்லதா இல்லையா என்று தெரிய ஒரு மணி நேரமாவது அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்துக்கு எல்லா நாற்காலியும் நல்ல நாற்காலிதான். உங்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியை வாங்கியவர் அப்படி உட்கார்ந்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நேற்றிலிருந்து நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறீர்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பத்தொன்பது வருடப் பழக்கம். குழந்தைகளுக்கான அறிவியல் கூடத்துக்கு வேண்டியதை எல்லாம் வாங்குவது என் வேலை. பூதக்கண்ணாடியில் ஆரம்பித்துத் தண்ணீர்க் குழாய் வரை நான் பார்த்து வாங்காத பொருள் அந்தக் கட்டடத்தில் இல்லை. எதை வாங்கினாலும், அதில் ஒரு பிள்ளை என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் நான் முதலில் செய்து பார்த்துவிடுவேன். இந்த வயதில் சறுக்குமரத்தில் சறுக்கியிருக்கிறேன். ஒரு தடவை பிளாஸ்டிக் சுரங்கப்பாதைக்குள் தவழ்ந்து போய் நடுவில் மாட்டிக்கொண்டேன். மாப்பிள்ளைதான் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. கூடத்தின் ஓவியர் அவர்தான். சுவரில் இருக்கும் திமிங்கிலம், படிக்கட்டில் ஏறும் எறும்புகள் எல்லாம் அவர் கை. அவரை அந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவன் நான். என் மனைவி போன பிறகு இரண்டு வருடமாக அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவார். நான் போதும் என்று சொன்ன பிறகும் ஒரு கரண்டி போடுவார்.

அவருக்கு இரண்டு காதும் மந்தம். மிஷின் மாட்டியிருப்பார், அதைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. இடுப்பு வேறு சரியில்லை. தினமும் இருபது நிமிடம் கட்டாந்தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. பிள்ளைகள் போன பிறகு, ஆறு மணிக்கு, பெரிய கூடத்தின் ஷட்டர் வாசலில் குறுக்காகப் படுப்பார். அங்கே கல் குளிர்ச்சியாக இருக்கும். கண்மேல் கைக்குட்டை. சட்டைப்பையில் வைத்தால் விழுந்துவிடும் என்று மிஷின் இரண்டையும் என்னிடம் கொடுத்து வைப்பார். பல வருடமாக அப்படித்தான்.

போன வருடம் அந்தக் கூடத்துக்கு ஒளித்தரை வாங்குவதென்று முடிவானது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூரையிலிருந்து தரையில் குளத்தைப் போல் படம் விழும், நாம் கால் வைத்தால் தண்ணீர் விலகும், மீன்கள் பயந்து ஓடும். மேலே ஒரு கேமரா இருந்துகொண்டு யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கேமராவைச் சும்மா விடுவானேன் என்று நான்தான் யோசித்தேன். அதுவரை காவலாளி கையால் சுற்றி இறக்கிய இரும்பு ஷட்டருக்கு மோட்டார் வைத்துவிடலாம், ஆறரைக்குத் தானே இறங்கட்டும், வாசலில் ஆள் இருப்பதாகக் கேமரா சொன்னால் இறங்காமல் நிற்கட்டும். இயக்குநர் அம்மாவுக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது.

பிடித்துப்போனவர், தேர்வை மட்டும் மூன்று பேர் கமிட்டி செய்யும் என்றார். நான், அவர், மாப்பிள்ளை. பத்தொன்பது வருடத்தில் என் கையெழுத்துக்குத் துணையாக இன்னொரு கையெழுத்து தேவைப்பட்டதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. கோப்பு என் மேசைக்கு வந்தபோது காரணமும் அதிலேயே வந்தது. எடுக்க மறந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை எழுதிய கடிதம். "என் மைத்துனர், தன் மனைவி இறந்த பிறகு பழையபடி இல்லை. ஒரே சாமானை இரண்டு தடவை ஆர்டர் செய்கிறார். சொன்னதையே சொல்கிறார். இவ்வளவு பெரிய தேர்வை அவர் ஒருவர் கையில் விடுவது சரியாக இருக்காது." தேதியைப் பார்த்தேன். அன்று என் பிறந்தநாள். அன்று மத்தியானம் அவர் எனக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். கடிதத்தைப் படித்தபோது அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தேன்.

ஸ்டூல்களை இரண்டு தடவை ஆர்டர் செய்தது உண்மை. அப்படி நடந்தது ஒரே ஒரு தடவை. முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கூடவே இருந்து, கூடவே சாப்பிட்டு, பின்னால் போய்க் குழி பறித்திருந்தார். அன்று சாயங்காலமும் சாப்பிடப் போனேன். ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டார். சாப்பிட்டேன்.

சப்ளையர்கள் மூன்று பேர் வந்தார்கள். முதலில் பெரிய கம்பெனி. ஒரே நிறச் சட்டையில் எட்டுப் பேர் வந்து, அரைமணி நேரம் பிளக் பாயின்ட் தேடினார்கள். அவர்களை அதோடு விட்டுவிடலாம். இரண்டாவது, அண்ணன் தம்பி இருவர். பார்க்க அச்சில் வார்த்ததுபோல் இருந்ததால் இரட்டையர் என்று பேர் வைத்தோம். அவர்களுடைய படத்தின் வேகம் அபாரம், கால் தரையில் படும்போதே தண்ணீர் விலகியது. மூன்றாவது ஓர் இன்ஜினியர் பெண், ஒற்றை ஆளாக, ஒரே ஒரு பையோடு வந்தார். அவருடைய மீன்கள் கொஞ்சம் மந்தம்.

என் வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றிலும் நடந்தேன், குதித்தேன், உட்கார்ந்தேன். பிள்ளைகள் தரையில் படுக்கும், அதனால் படுத்தும் பார்த்தேன். கேமராவுக்குத் தெரிகிற ஆளெல்லாம் மானிட்டரில் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரிவார்கள். இரட்டையரின் தரையில் நான் அசையாமல் படுத்திருந்தேன். இரண்டு நிமிடம் கழித்து என் புள்ளி மங்கி அணைந்துவிட்டது. மீன்கள் என் வயிற்றின்மேல் நீந்தின.

"அது ஒண்ணுமில்லை சார்," என்றார் மூத்தவர். "ரொம்ப நேரம் அசையாம இருக்கறதை அது தரைன்னு எடுத்துக்கும். பிள்ளைங்க பையை விட்டுட்டுப் போவாங்க இல்லையா, அதுக்காக. வேணும்னா அந்த நேரத்தை அரைமணி வரைக்கும் கூட்டிக்கலாம்."

இன்ஜினியர் பெண்ணின் தரையிலும் படுத்தேன். கால் மணி நேரமாகியும் என் புள்ளி அணையவில்லை. அவருடைய மிஷின் உடம்புச் சூட்டையும் பார்க்குமாம். கிளம்பும்போது அவர் என்னிடம் தனியாக வந்து சொன்னார். "என்னை எடுக்கலைன்னாலும் பரவாயில்லை சார். ஆனா அசையாத ஆளை மறந்துடற மிஷினை உங்க ஷட்டரோட மட்டும் சேர்த்துடாதீங்க." நான் நன்றி சொன்னேன். அது நல்ல யோசனை என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் குறிப்பேட்டில் அது இருக்கும்.

கமிட்டியில் மாப்பிள்ளை அந்தப் பெண்ணுக்காகத்தான் பேசினார். காரணம் ஷட்டர் இல்லை, ஷட்டர் அவர் நினைப்பிலேயே இல்லை. "சில பிள்ளைங்க கூச்சப்பட்டு ஒரே இடத்துல நிக்கும் மச்சான். அதுங்களையும் மிஷின் கவனிக்கணும். நாமே கண்டுக்காம விட்டா எப்படி?" என்றார். அழகாகப் பேசுவார். மதிப்பெண் தாள் தயாரித்தவன் நான். வேகத்துக்குப் பாதி மதிப்பெண் வைத்திருந்தேன், அதனால் இரட்டையர்தான் முதலில் வந்தார்கள். அசையாமல் நிற்பதற்கு அதில் கட்டமே இல்லை. இயக்குநர் அம்மா தாளைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கடிதம் எழுதியவரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் சரியாகக் கவனித்தேன். "மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வாங்கினவரு," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஏதோ கொடுத்துச் சரிக்கட்டுகிற மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அசையாததைத் தரையென்று எடுத்துக்கொள்ளும் அந்த நேரத்தை எவ்வளவு வைக்கலாம் என்று இரட்டையர் கேட்டபோது, இரண்டு நிமிடமே இருக்கட்டும் என்றேன். பிள்ளைகள் விட்டுப்போகும் பைக்காகவெல்லாம் ஷட்டர் நின்றுகொண்டிருக்க முடியாது. இது நியாயமான காரணம். உங்கள் நிபுணரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார். காவலாளியை வெளிக் கேட்டுக்கு மாற்றியதும் நியாயமான காரணத்துக்காகத்தான், கையால் இறக்குவதற்கு உள்ளே இனி ஷட்டர் இல்லை. கொலை செய்யத் திட்டமிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை அடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு சப்ளையரைத் தேர்ந்தெடுத்தேன்.

யோசித்துப் பாருங்கள், திறப்பு விழாவுக்குப் பிறகும் மாப்பிள்ளை அதே வாசலில்தான் படுத்தார். ஆறு இருபதுக்கு நான் போய்த் தோளைத் தொட்டு எழுப்புவேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினேழு நாள் எழுப்பினேன். திட்டம் போட்டவன் அப்படிச் செய்வானா?

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் தங்கை பேச்சுவாக்கில் சொன்னாள். "உனக்கு ஒத்தாசையா ஆள் இருக்கணும்னு இவருதான் அண்ணா ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாரு. நானும் பக்கத்துல இருந்தேன். உன்கிட்ட சொன்னா சங்கடப்படுவேன்னு சொல்லல." மாப்பிள்ளை தலை குனிந்து தட்டைப் பார்த்தார். ஆக, அந்த வீட்டில் எனக்குச் சோறு போட்ட கை இரண்டுமே அந்தக் கடிதத்தில் இருந்தன. எனக்கு அழுகை வந்தது. நான் காட்டிக்கொள்ளவில்லை. மோர் கேட்டேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "தயவுசெய்து அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். காலையில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்புவது இந்த வேலை ஒன்றுதான். நான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். தவறு ஏதும் நடந்தால் என்னைப் பொறுப்பாக்குங்கள்." என் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தீர்கள். நான் அதை முன்பே படித்திருந்தேன். கோப்பில் இரண்டு பக்கமும் இருந்தன, நான் எதையும் பாதியில் விடுகிறவன் இல்லை. முதல் பக்கத்தை ஒருவேளை மன்னித்திருப்பேன். ஒருவன் என்னைக் கெடுத்தால் திருப்பிக் கெடுக்கலாம். என்மேல் இரக்கப்பட்டு, எனக்குத் தெரியாமல் எனக்காகக் கெஞ்சினால், அவனை நான் என்ன செய்வது?

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் காது மிஷின் இரண்டையும் என் கையில் கொடுத்தார். "பார்த்துக்கோங்க மச்சான்," என்றார். படுத்தார், கைக்குட்டையை விரித்துக்கொண்டார். நான் பக்கத்து அறைக்குப் போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவுதான். இடது கையை நீட்டிப் படுத்திருந்தார், விரல்கள் மட்டும் தரையில் விழும் படத்துக்குள் இருந்தன. மீன்கள் அந்த விரல்களைச் சுற்றிக்கொண்டு போயின. கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளி மங்கியது, அணைந்தது. அப்புறம் மீன்கள் விரல்களின்மேல் நீந்தின.

ஆறு இருபது ஆனது. நான் எழுந்திருக்கவில்லை.

ஆறு இருபத்தொன்பதுக்கு எச்சரிக்கை மணி ஒரு நிமிடம் அடித்தது. வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு சுற்றியது. எல்லாம் டெண்டரில் கேட்டபடியே வேலை செய்தன. ஷட்டர் முழுதும் இறங்க நாற்பது விநாடி ஆகும், அதையும் நான் முன்பே நேரம் பார்த்து வைத்திருந்தேன். நிறுத்துவதற்கான சிவப்புப் பொத்தான் என் வலது கைக்குப் பக்கத்தில் இருந்தது. அது பழுதாகியிருந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. பழுது இல்லை. அன்று காலையில்தான் அழுத்திப் பார்த்தேன்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. எழுந்து கண்ணாடிக் கதவருகே நின்று, எப்போதும் கூப்பிடுகிற குரலில், "மாப்பிள்ளே" என்று கூப்பிட்டேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது ஒரு தடவை, அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் மேலே இருந்தபோது இன்னொரு தடவை. அந்த மிஷின்களை அணைக்காமல் உள்ளங்கையில் மூடி வைத்திருந்தால் கீச்சிடும். என் கைக்குள் அவை கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. மூன்றாம் தடவையும் கூப்பிட்டேன்.

தங்கை உங்களிடம் என்ன கேட்டாலும் சொல்லுங்கள், நான் மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் மூன்று தடவை கூப்பிட்டேன் என்பதையும், அவர்தான் எழுந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.