கண்ணாடிக் குழாயில் அசையாத தண்ணீர்

என் பெயர் எஃபி மெக்குவாரி, வயது அறுபத்தொன்று, கணவர் பெயர் டூகல் மெக்குவாரி. ஸ்காட்லாந்தில் டார்பர்ட் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் குடியிருக்கிறேன். முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டினேன். இப்போது “லேடி கில்மோரி” என்ற பழைய நீராவிக் கப்பலைப் பராமரித்து ஓட்டும் தொண்டர் சங்கத்தில் சம்பளமில்லாமல் கரி அள்ளிப் போடுகிறேன். எஞ்சினியர் ஆர்ச்சி லமான்ட் இறந்தது பற்றியும், கொதிகலனின் தண்ணீர்க் குழாய்களை மூடியது யார் என்பது பற்றியும் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கொதிகலனுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட முகப்பில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் உண்டு. அவற்றின் பித்தளைக் கைப்பிடிகள் கீழே தொங்கினால் வழி திறந்திருக்கிறது, பக்கவாட்டில் நின்றால் மூடியிருக்கிறது. தீ மூட்டுமுன் கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டுப் பார்ப்பது வழக்கம். விருந்தினர் வரும் நாளில் மட்டும், அழுக்குத் தண்ணீர் தெறித்து மினுக்கிய பித்தளை கெட்டுவிடும் என்று, படமெடுத்து முடியும்வரை அதைத் தள்ளிப்போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது, சொல்லியும் இருக்கிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆர்ச்சி இறந்த சனிக்கிழமை விருந்தினர் நாள். பளபளப்பைத்தான் எல்லோரும் பார்த்தோம்.

அதன் பிறகு, படமெடுத்த கூட்டம் அப்படியே மேல்தளத்துக்கு ஏற, கப்பல் கிளம்பிவிட்டது, சோதனையை எல்லோரும் மறந்துபோனோம். தெற்குக் காற்றில் கப்பல் நன்றாக ஆடியது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு மேல் நின்று இறங்கவேயில்லை, ஆகவே ஆர்ச்சி கொதிகலனுக்குத் தண்ணீர் விடவில்லை. “இன்னிக்குக் கெழவி நல்ல பொண்ணா இருக்கா, தண்ணியே கேக்கல பாரு” என்று கொதிகலனைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகு என் தேநீர்க் குவளை ததும்பி பூட்ஸ் மேல் கொட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குள் தண்ணீர் அசையவில்லை. கப்பல் மறுபடி சாய்ந்தது, அப்போதும் அசையவில்லை.

“ஆர்ச்சி, அந்தத் தண்ணி ஆடவே மாட்டேங்குது.”

“உன் பஸ்ஸுல டீசல் முள்ளு ஆடுமாக்கும்?” என்று சிரித்துக்கொண்டே திரும்பியவர் கைப்பிடிகளைப் பார்த்தார். துணியால் பிடித்து முதல் குழாயின் கைப்பிடிகளைக் கீழே திருப்பினார். அதிலிருந்த தண்ணீர் சட்டென்று மறைந்து வெறும் கண்ணாடி நின்றது. அடுத்ததும் அப்படியே. மூடிய குழாயில் அடைபட்டிருந்த பழைய தண்ணீரைத்தான் அதுவரை பார்த்திருக்கிறோம், கொதிகலனுக்குள் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. பழுக்கக் காய்ந்த இரும்பில் அந்நேரம் தண்ணீர் பட்டால் கொதிகலனே வெடிக்கும். தீயை வெளியே இழுத்துப் போடுவது தவிர வேறு வழியில்லை.

“மேல போ. எல்லாரையும் முன்பக்கம் கூட்டிட்டுப் போயிடு.”

“ரெண்டு பேரா இழுத்தா சீக்கிரம் முடியுமே.”

“எஃபி, எங்கிட்ட மல்லுக்கு நிக்காத. போ!”

நான் போனேன். ஜாம் ரொட்டித் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தவர்களைக் கத்திக் கத்தி முன்பக்கம் ஓட்டினேன். அதன் பிறகு கீழே கொதிகலன் தகடு பிளந்த கனத்த சத்தம் கேட்டது, படிக்கட்டு வழியாக வெள்ளை ஆவி ஏறி வந்தது. பயணிகள் யாருக்கும் காயமில்லை. மீட்புப் படகுக்காரர்கள் ஆர்ச்சியை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

மறுநாள் சங்கத் தலைவி மார்ஷலி ஃபைஃப் எங்கள் வீட்டுக்கு வந்தார். “ஆர்ச்சியேதான் மூடி வச்சிட்டாருன்னு சொல்லிடுவோம். செத்தவருக்கு இனிமே என்ன வந்துடப் போகுது?” என்றார். டூகல் தலை தூக்கவில்லை. தலைவி போன பிறகு டூகல், “நான்தான் எஃபி. வெள்ளிக்கிழமை துடைக்கறப்போ திருப்புனேன். பக்கவாட்டுல வச்சா எல்லாம் வரிசையா அழகா இருந்துச்சு” என்றார். விருந்தினர் நாளுக்கு முந்தின நாள் பித்தளை துடைத்துக் கொடுப்பது டூகல்தான். ஆர்ச்சி அவரோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அன்றிலிருந்து டூகல் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று காலை இங்கே கிளம்பும்போது டூகல், தலைவி சொன்னதையே சொல்லிவிடும்படி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சரி என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஆர்ச்சி மூடவில்லை. மூடியது என் கணவர் டூகல் மெக்குவாரி, தெரியாமல் செய்தார்.

மேலே எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை, யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. டூகல் வெளியே காரில் எனக்காகக் காத்திருக்கிறார். அவரை அழைக்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போங்கள்.

(ஒப்பம்)
எஃபி மெக்குவாரி