வடமேற்கே ஒரு மைல்

– ரெண்டு நாளா போனைக் காணோம். இன்னிக்குக் கூப்பிட்டுட்டு எடுத்த எடுப்புல காத்து எப்படி இருக்குங்கிறே. நீயெல்லாம் என்ன ஆளு, டெஸ்மண்ட்?

– அதான் கூப்பிட்டுட்டேனே, ரோனா. ஒம்போது மணி தாண்டிடுச்சு. அளந்தாச்சா?

– அளக்காம? புயல் அடிச்சா ஷெட்லாண்டுத் தீவுக்காரிக்கு லீவு விட்டுடுவாங்களா? ஒரு கையால வேலியைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையால மழைமானியைத் தூக்கினேன். பதினெட்டு புள்ளி நாலு மில்லி.

– காத்து?

– செவ்வாக்கிழமைதான் உச்சம். மணிக்கு எண்பத்தாறு மைல். கோழிக்கூட்டுக் கூரை பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொந்தமாயிடுச்சு. கோழிங்க மட்டும் என்கிட்ட இருக்கு.

– எண்பத்தாறா? நம்ம வானிலைப் பைத்தியங்க குழுவுல உங்க ஊர் லெர்விக்குக்கு எண்பத்திரண்டுன்னுல்ல போட்டிருந்தாங்க.

– அவங்க துறைமுகத்துக் கருவியைப் பாத்துப் போடுறாங்க. என் வீடு மேட்டுல இருக்கு. சந்தேகமா இருந்தா வந்து என் காத்துமானிக் கம்பத்துல ஏறிப் பாரு.

– சந்தேகம்னு சொன்னேனா? கணக்கா கேட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்.

– கேப்பே. அந்தக் காத்துல கூட நான் கூரையைப் பத்திக் கவலைப்படல தெரியுமா? போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நாம பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. நாலு வருஷத்துல ஒருநாள் கூட ஒம்போதே காலுக்கு நீ கூப்பிடாம இருந்ததில்ல. மழைமானி பக்கத்துலயே விழுந்து கிடக்கிறியோன்னு நெனச்சுட்டேன்.

– சிக்னல் கிடைக்கல.

– அங்க தெக்கே இங்கிலாந்துல, நார்ஃபோக்ல, நம்ம சமையக்கட்டுல, சுவத்துல மாட்டின போனுக்கு எதுக்குய்யா சிக்னல்?

– இல்ல, தொண்டையும் சரியில்ல.

– சிக்னலா, தொண்டையா?

– கணக்கா சொன்னா, ரெண்டும்தான்.

– நல்லா இருக்கு. சரி, உன் மழையைச் சொல்லு. நோட்டைத் திறந்து வெச்சிருக்கேன்.

– அப்புறமா சொல்றேன்.

– அப்புறமாவா? நம்ம கல்யாணத்தன்னிக்கு, பாதிரியார் பேசிக்கிட்டு இருக்கறப்ப, என் காதுல குனிஞ்சு ‘நாலு புள்ளி ரெண்டு’ன்னு சொன்ன மகராசன் நீ. நான் கூட நீ ஏதோ ஆசையாச் சொல்றேன்னு நெனச்சுத் தலையை ஆட்டிட்டேன். உனக்கு என்ன ஆச்சு?

– ரோனா, உங்கம்மா கல்லறைக்குப் போகலையா?

– என்ன கேட்டே?

– இன்னியோட நாலு வருஷம் ஆகுது, அவங்களை அடக்கம் பண்ணி. அதான் கேட்டேன்.

– மழை விட்டதும் போலாம்னு இருந்தேன். உனக்கு அந்தத் தேதியெல்லாம் ஞாபகம் இருக்கா?

– மறக்குமா?

– உனக்கு அன்னிக்கு எத்தனை சென்டிமீட்டர் பனின்னு ஞாபகம் இருக்கும். அதை வெச்சுத் தேதியைப் பிடிச்சிருப்பே.

– அப்படிச் சொல்லாதே.

– வேற எப்படிச் சொல்றது? பதினஞ்சு வருஷத்துல வராத பனி உன் ஊருக்கு அந்த வாரம் வந்துச்சு. எங்கம்மாவும் அந்த வாரம் போய்ச் சேந்தா. ரெயிலு, ராத்திரிப் படகு, திரும்பி வர்றது எல்லாம் சேத்தா நாலு காலை அளவு போயிடும்னு நீ வரல. பத்தொம்பது வருஷம் ஒருநாள் விடாம எழுதின பதிவு உடைஞ்சுடும்னு வரல.

– பக்கத்து வீட்டு மிஸஸ் பாக்ஸ்டரைக் கேக்கலாமான்னு யோசிச்சேன். அந்தம்மா ஒருதடவை நமக்காக மழைமானியைப் படிச்சு, ‘நல்ல மழை’ன்னு எழுதி வெச்சிருந்தாங்க. மில்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல.

– எழுதட்டுமே. நாலு நாளைக்கு ‘நல்ல மழை’ன்னு இருந்துட்டுப் போகட்டுமே. எங்கம்மா சவப்பெட்டியைக் குழியில இறக்கறப்ப பிடிக்கிற ஆறு கயித்துல ஒண்ணை உனக்குன்னு வெச்சிருந்தாங்க. என் சித்தப்பா மகன் பிடிச்சான். வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழட்டல, நீ கூப்பிட்டே. ‘பதினாறு சென்டிமீட்டர், ரோனா’ன்னு சொன்னே. அதுல எனக்கு எதுல கோவம் தெரியுமா?

– தெரியும்.

– தெரியாது. நான் பதில் சொன்னேன் பாரு, அதுல. ‘இங்க ரெண்டுதான்’னு சொன்னேன். அம்மாவைப் புதைச்சுட்டு வந்த கையோட உனக்குப் பனிக் கணக்குச் சொன்னேன். எனக்கும் அதே பைத்தியம்தானே. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், உன்கிட்ட திரும்பப் போகக் கூடாதுன்னு.

– சொன்னியே. எங்க போனாலும் காலைல ஒம்போது மணிக்குள்ள வீடு திரும்பணும்னு தவிக்கிற புருஷன் எனக்கு வேண்டாம்னு.

– இப்பவும் அதைத்தான் சொல்றேன்.

– காலைல அளந்துட்டு உள்ள வருவேன், ரோனா. வாசல்ல நின்னு அளவை வாய்விட்டுச் சொல்லுவேன். வீட்டுல யாரும் ‘அவ்வளவா?’ன்னு கேக்க மாட்டாங்க. அப்புறம் உனக்குப் போன் போடுவேன். ஒம்போதே காலுலேருந்து ஒம்போதரை வரைக்கும்தான் எனக்கு ஒரு நாளு. மிச்சமெல்லாம் சும்மா ஓடுது.

– எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? இங்க இருந்துக்கிட்டு உன் ஊர் மழையை நோட்டுல எழுதறேன். இங்க நல்ல வெயில் அடிக்கும், நார்ஃபோக்ல ஒம்போது மில்லின்னு சொல்லுவே. நீ நனைஞ்சிருப்பியேன்னு நாள் பூரா மனசு கெடந்து அடிச்சுக்கும். இதையெல்லாம் ஏன் இப்பப் பேச வைக்கிறே? மழையைச் சொல்லிட்டுப் போனை வை.

– சொல்றேன், ஒரு நிமிஷம்.

– அது என்ன சத்தம்?

– எது?

– உன் பக்கம். தகரத்துல என்னவோ விழுது.

– ஒண்ணுமில்ல, யாரோ வண்டி தள்ளிக்கிட்டுப் போறாங்க.

– யாருகிட்ட கதை விடறே? அது ஆலங்கட்டி. பட்டாணி சைஸ் இருக்கும். இரு, கம்ப்யூட்டர்ல மழை ரேடாரைப் பாக்கறேன். நார்ஃபோக் மேல ஒரு பொட்டு கூட இல்ல. கிழக்குக் கரை மொத்தமும் சுத்தமா இருக்கு. டெஸ்மண்ட், உன் தலைமேல ஆலங்கட்டி எப்படி விழுது?

– சின்ன மேகம், ரேடார்ல தெரியாம இருக்கும்.

– மூச்சு விடாதே கொஞ்சம். என் ஜன்னல்லயும் அடிக்குது.

– அங்கயும் விழுதா?

– விழுது. உன் பக்கம் ஆரம்பிச்சப்ப என்னை அறியாம கடிகாரத்தைப் பாத்தேன். பாழாப்போன பழக்கம். ஒன்றரை நிமிஷம் கழிச்சு இங்க வந்திருக்கு. காத்து வடமேக்கேருந்து வருது. மேகம் போற வேகம் மணிக்கு நாப்பது மைல்.

– அப்ப ஒரு மைல்.

– பாரு, மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சும் கணக்கை முடிக்காம இருக்க முடியல உன்னால. என் வீட்டுக்கு வடமேக்கே ஒரு மைல்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? படகுத்துறையில உக்காந்திருக்கே நீ.

– ஆமா.

– எப்ப வந்தே?

– ஏழரைக்குப் படகு வந்துடுச்சு. திங்கக்கிழமையே கிளம்பிட்டேன். செவ்வாக்கிழமை உன் எண்பத்தாறு மைல் காத்துக்குப் பயந்து அபர்டீன் துறைமுகத்துல படகை நிறுத்திட்டாங்க. அங்கேருந்து உனக்குக் கூப்பிட்டா மழை எவ்வளவுன்னு கேப்பே. என்ன சொல்லுவேன்? தொண்டையைப் பத்திப் பொய் சொல்லலாம். அளவுல எனக்குப் பொய் வராது.

– ரெண்டு மணி நேரமா அந்தக் குளிர்ல உக்காந்து என்ன பண்றே?

– ரெண்டு தடவை உன் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சேன். பாதியில கால் வரல. கதவைத் திறந்து, ‘நாலு வருஷம் லேட்டு, போ’ன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? திரும்பி வந்து உக்காந்துட்டேன். ஒம்போதே கால் ஆச்சு. கை தானா போனை எடுத்துடுச்சு.

– செவ்வாய், புதன், இன்னிக்கு. மூணு காலை.

– ஆமா.

– இருபத்திமூணு வருஷத்துப் பதிவு.

– ஆமா, ரோனா.

– சரி, கேளு. அடுப்புல உப்புக்கண்ட சூப் இருக்கு. வா, சாப்பிடு. அம்மாகிட்ட ரெண்டு பேரும் சேந்து போவோம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். சாயங்காலப் படகுல நீ திரும்பறதா இருந்தா வீட்டுக்குள்ள வராதே, நேரா கல்லறைக்கு வந்துடு. உன் தட்டைக் கழுவி வெச்சுட்டு, மறுபடியும் தனியா உக்காந்து அழ எனக்குத் தெம்பில்ல. அங்க தோட்டத்துல உன் மழைமானி வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். நீ போயிடுவே. எனக்குத் தெரியும்.

– அது தோட்டத்துல இல்ல. திங்கக்கிழமை காலைல கடைசியா ஒருதடவை படிச்சேன். அப்புறம் மண்வெட்டியால அதைத் தோண்டி எடுத்துட்டேன். பையில, என் காலடியில இருக்கு, ரோனா. உன் மழைமானிக்குப் பக்கத்துல அதுக்கு இடம் இருக்குமா?