சாவி திருப்பற வரைக்கும்

எந்திரிக்காதீங்ணா, உக்காருங்க. எங்கீங்க கெளம்பறீங்க? உங்க டெம்போவை எடுக்கறதுன்னாலும் எடுக்க முடியாதுங்களே. எங்க லாரி கேட்டுக்குக் குறுக்கால நிக்குது. அது நகரோணும்னா இஞ்சினு மாட்டோணும். நீங்க கொண்டாந்த இஞ்சினு இன்னும் சங்கிலியில தொங்குது. அப்பறம் எப்படீங்க போவீங்க? அந்த ஸ்டூலு ஆடும், இந்தண்ட டயரு மேல உக்காருங்க.

இல்லீங்க, போயிட்டு நாளைக்கு வர்றேங்கறதெல்லாம் ஆகாதுங்க. உங்களுக்குத் தெரியாததா? எத்தனை இஞ்சினு வித்திருப்பீங்க. ஒரு வண்டியில கழட்டுனதை இன்னொரு வண்டிக்கு மாட்டுனா, வித்தவங்க கையாலதான் மொத சாவி திருப்போணும். எங்க பக்கத்துல அப்படித்தானுங்க. இன்னொருத்தரு வண்டியில ஓடுன உசுரு, கொண்டாந்தவங்கதான் கையில ஒப்படைச்சுட்டுப் போகோணும்பாங்க. நீங்க சாவி திருப்பி, புகை எப்படி வருதுன்னு பாத்து, எலுமிச்சம்பழத்து மேல வண்டியை ஏத்தி எறக்கி, அந்தக் கைக்குத்தான் பணம். பணம் இந்தா, என்ற பையிலதான் இருக்குது. பயப்படாதீங்க.

ஜெபக்குமாருங்களா? எங்க டிரைவருங்க. தேங்கா, எலுமிச்சம்பழம் வாங்கியாரப் போயிருக்காரு. தூத்துக்குடிப் பக்கம், வேதக்காரருதான். ஆனா பழம் நசுக்காம ஸ்டியரிங்குல கை வெக்கமாட்டாரு. கிண்டல் பண்ணுனா, ஆண்டவரு மேல இருக்காரு, எலுமிச்சம்பழம் கீழ இருக்கட்டும்க்கா அப்படீம்பாரு. வந்துருவாரு. அவிநாசிபாளையத்துல எலுமிச்சம்பழத்துக்கா பஞ்சம்?

ஆமாங்க, மெக்கானிக்கு தண்டாயுதபாணி அண்ணனுக்குக் கை கொஞ்சம் நிதானம். இப்ப இன்னும் நிதானமா இருக்குது, அதுவும் வாஸ்தவந்தான். கியர்பாக்ஸோட இஞ்சினு நேருக்கு நேரா வந்து உக்காரோணும், ஒரு நூலு தள்ளுனாலும் உள்ள போகாது, அவசரப்பட்டா கிளட்சு பிளேட்டு போயிரும்னு அண்ணன் சொல்றாரு. நான் என்னத்தைக் கண்டேன். பனியன் துணி பின்னற நிட்டிங் மெஷினு ஓட்டுனவளுங்க நானு. லாரி வேலையெல்லாம் இந்த ஆறேழு மாசமாத்தான் தலையில வந்து உழுந்துது.

பழைய இஞ்சினா, அதா மூலையில கெடக்குது பாருங்க. பாவம், ஒழைச்ச இஞ்சினு. ரெண்டு தடவை உள்ள கடைஞ்சு போரு பண்ணியாச்சு, இனி கடையறதுக்கு உள்ள இரும்பே இல்லைன்னுட்டாங்க. டீசலுக்குச் சரியா ஆயிலும் குடிக்கும். பின்னால வர்ற பைக்குக்காரங்க எல்லாம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டுத்தான் எங்களைத் தாண்டுவாங்க. போன வாரம் சாயம் போடற டையிங்குல இருந்து நனைஞ்ச துணியை ஏத்திக்கிட்டு வரைல, பல்லடத்து ரோட்டுல டமார்னு ஒரு சத்தம், அதோட நின்னு போச்சு. நனைஞ்ச துணி நிக்குமுங்களா? ஒரு நாளு போனாப் புள்ளி புள்ளியாக் கறை புடிச்சுக்கும். கம்பெனிக்காரங்க போன் மேல போன். நானும் ஜெபக்குமாரும் வேற வண்டி புடிச்சு, மூட்டையெல்லாம் மாத்தி, நானே முதுகுல தூக்கி ஏத்துனனுங்க. எனக்கு அழுகை அழுகையா வந்துது. அழுதுக்கிட்டே ஏத்துனேன்.

உங்க போன் அடிக்குதுங்க. எடுக்கலீங்களா? சரி, அணைச்சுட்டீங்க. நல்லதுதான், இங்க சிக்னலு சரியா கெடைக்காது, கத்தோணும்.

இல்லீங்க, இந்த ஒரு வண்டிதான் சோறு போடுது. முன்னால ரெண்டு வண்டி இருந்துதுங்க. இது பழசு. இன்னொண்ணு நல்ல வண்டி, அதை எங்கூட்டுக்காரரே ஓட்டுவாரு. செந்தில்வேலுன்னு பேரு. தை நோம்பி கழிச்சு லோடு எறக்கப் போனவருதாங்க. எறக்கிட்டாரு. திரும்பி வரைல, பழனியத் தாண்டிட்டேன், சோத்துக்கு ஊட்டுக்கு வந்துருவேன், ரசம் மட்டும் வெச்சா போதும்னு போன் பண்ணுனாரு. ரசம் வெச்சேன். அதோட சரீங்க. வண்டியும் வரல, ஆளும் வரல. எங்க பெருமாநல்லூருக்கும் பழனிக்கும் நடுவுல நான் கால் வெக்காத டீக்கடை இல்லீங்க. போட்டோவைக் காட்டிக் காட்டி அதோட மூலையே கிழிஞ்சு போச்சு.

உங்க யார்டும் மடத்துக்குளத்துக்குப் பக்கத்துலதானுங்களே, அந்த ரோடுதான். நீங்க ஒண்ணும் கேள்விப்படலீங்களா? ஆமாமா. ஆயிரம் லாரி போற ரோடு, எதைன்னு பாப்பீங்க.

கேஸெல்லாம் குடுத்தாச்சுங்க. கடன் இருந்துதான்னு கேட்டாங்க, பொம்பளை சகவாசம் இருந்துதான்னு கேட்டாங்க. வண்டியை வித்துப்போட்டு ஓடியிருப்பாரு, வருவாரு போம்மான்னு அனுப்பிச்சுட்டாங்க. ஊருலயும் அதே பேச்சுத்தான். அட, அவரைப் பெத்தவங்க, என்ற மாமியா பழனாயி, அவங்களே எவளையோ கூட்டிக்கிட்டுப் போயிட்டானாட்டத்தான் இருக்குது, நீ உன்ற பொழப்பைப் பாரு கண்ணுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு வந்த கோவம் இருக்குதே. ரெண்டு நாளு அவங்க கையில ஒரு டம்ளரு தண்ணி வாங்கிக் குடிக்கல. அப்பறந்தான் புரிஞ்சுது. ஓடிப்போன மகன்னா எங்கயோ உசுரோட இருக்கறான்னு அர்த்தமுங்களே. தாய் மனசு, அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்குது. அப்பறம் நானும் அப்படியே நெனைக்க ஆரம்பிச்சுட்டேன். எவகூடயோ நல்லா இருக்கட்டும், வரட்டும், வந்தா வெளக்கமாத்தாலதான்னு தெனமும் திட்டுவேன். திட்டறது ஒரு ஆறுதலுங்க. இருக்கற ஆளைத்தான திட்ட முடியும்.

ஏனுங்க, வேர்க்குது உங்களுக்கு. ஃபேனை இந்தப் பக்கம் திருப்பட்டுமா? ஆடிக் காத்து இந்த அடி அடிக்குது, உங்களுக்கு மட்டும் இப்படி வேர்க்குதே. மேலுக்கு ஏதாச்சும் சேரலீங்களா? தண்ணி குடிங்க.

இஞ்சினு நல்ல இஞ்சினுதானுங்க, நான் கொறை சொல்லல. அண்ணன் பாத்ததும் சொல்லிட்டாரு, ஓட்டுனவன் ஒழுக்கமா ஓட்டியிருக்கான், ஆயிலு மாத்த வேண்டிய நேரத்துக்கு மாத்தியிருக்கான்னு. என்ன, இஞ்சினு நம்பரு இருக்கற எடத்துலதான் அரம் போட்டாப்பல மழுமழுன்னு இருக்குது. துருங்களா? சரிங்க, துருன்னா துருதான். நீங்க சொன்னாச் சரி.

அடிபட்ட வண்டின்னு சொன்னீங்களே, அந்த டிரைவருக்கு என்னங்க ஆச்சு? இல்ல, கேக்கோணுமில்லீங்களா. ரத்தம் பட்ட வண்டியோட இஞ்சினை ஊட்டு வண்டியில மாட்டலாமான்னு நாலு பேரு கேப்பாங்க. ஒண்ணும் ஆகலீங்களா? ஒரு கீறலு கூட இல்லையா? ஊட்டுக்குப் போயிட்டாரா. நீங்களே பஸ் ஏத்தி உட்டீங்களா. பரவால்லீங்க, நல்ல மனசு உங்களுக்கு. அது போதுமுங்க. இஞ்சினு போனா வாங்கிக்கலாம், ஆளு ஊட்டுக்கு வரோணும்.

ஒண்ணு சொல்லட்டுங்களா, சிரிக்கக் கூடாது. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழமை. எங்கூட்டுக்காரரு வாசல்ல நல்ல வண்டியை நிறுத்தி, இஞ்சினுக்குப் பக்கவாட்டுல ஒரு மூடி இருக்குமில்லீங்களா, ஆயிலு கசியுதுன்னு அதைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு போல்ட்டு முறிஞ்சு போச்சு. கடையெல்லாம் லீவு. விடிஞ்சா லோடு. மனுசன் வேர்த்து விறுவிறுத்து என்னையத் திட்டறாரு, போல்ட்டை நாந்தான் முறிச்சாப்பல. எங்க ஷெட்டுல ஓடாத நிட்டிங் மெஷினு ஒண்ணு கெடந்துது. அதுல இருந்து ஒரு போல்ட்டைக் கழட்டியாந்து நீட்டுனேன். அது அலன்கீ போல்ட்டுங்க, உருண்டைத் தலை. மத்தது எல்லாம் ஸ்பேனரு போடறது, இது ஒண்ணு மட்டும் தனி சாதி. ஓட்டையைப் பெருசு பண்ணிப் புதுசா மரை போட்டாரு, அப்பவும் கொஞ்சம் லூசு. நாந்தான் பனியன் நூலை அரக்குல தோச்சு மரையில சுத்திக் குடுத்தேன். ஏறி உக்காந்துக்கிச்சு. ஒரு சொட்டு கசியல. சீமையிலயே நிட்டிங் மெஷினு போல்ட்டைப் போட்டு லாரி ஓட்டறவன் நான் ஒருத்தந்தான்டி சித்ரகலான்னு அவரு சிரிச்ச சிரிப்பு இருக்குதே. அப்பறம் கடையில நல்ல போல்ட்டு வாங்கியாந்தும் மாத்தல. இது பொண்டாட்டி சீதனம், இருக்கட்டும்னு உட்டுட்டாரு.

காலையில நீங்க இஞ்சினை எறக்குனீங்கள்ல. மேல மண்ணு அப்பிக் கெடந்துது, சும்மா நிக்கறமேன்னு பனியன் வேஸ்ட்டு எடுத்துத் தொடைச்சனுங்க. பக்கத்து மூடிக்கு வந்தேன். ஒண்ணு, ரெண்டு, ஸ்பேனரு போல்ட்டு. அடுத்தது உருண்டை.

நம்பரை அராவுனவங்களுக்கு அது கண்ணுல படலீங்க. எப்படிப் படும், திருப்பூருக்காரி கண்ணு வேணுமில்ல அதுக்கு. ஒருவேளை வேற யாராச்சும் போட்டிருக்கலாமேன்னு அண்ணனைக் கூப்பிட்டுக் கழட்டச் சொன்னேன். நீங்க அப்ப அக்கட்டால சிகரெட்டுப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க. மரையில நூலு இருந்துது. கருத்துப் போயிருக்குது, ஆனா என்ற சுத்துத்தான். இந்தா, இத்தனை நேரமா என்ற கையிலதான் இருக்குது. பாருங்க. தொடாதீங்க, பாருங்க.

அப்ப இருந்துதான் உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேன். எனக்கு இவ்வளவு பேச வருமுன்னு எனக்கே தெரியாதுங்க. பேச்சை நிறுத்துனா கத்திருவேன், கத்துனா நீங்க ஓடிருவீங்க. ஓடிப்போனவருன்னு திட்டறதுக்காவது ஒரு ஆளு இருந்தாருங்க எனக்கு. காலையில அந்தப் போல்ட்டைப் பாத்ததோட அதுவும் போச்சு.

ஏலத்துல எடுத்தீங்களா. வேற ஒருத்தரு கொண்டாந்து குடுத்தாரா. பில்லு இருக்குதா. இருக்கட்டுமுங்க, அதையெல்லாம் என்னட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. அதா வாராங்க பாருங்க, அவங்கட்ட சொல்லுங்க. ஆமாங்க, ஜெபக்குமாரோட வர்றவங்கதான். ஓடிட்டாரு போம்மான்னு அன்னைக்குச் சொன்ன அதே எஸ்ஐ. இன்னைக்கு வர்றாரு. பின்னால லாரி சங்கத்து ஆளுகளும் வந்துட்டாங்க. தேங்கா வாங்க ஜெபக்குமாரு போகலீங்க. அண்ணனும் டீசலு பைப்பை மாட்டவே இல்ல, நீங்க சாவி திருப்பியிருந்தாலும் இந்த இஞ்சினு ஓடியிருக்காது.

எந்திரிக்காதீங்க. உங்களை யாரும் அடிக்கமாட்டாங்க, நான் அடிக்க உடமாட்டேன். நீங்க பேசோணும், அதுக்கு வாயி வேணும்.

அவங்க உள்ள வர்றதுக்கு முன்னால எனக்கு மட்டும் ஒண்ணு சொல்லிருங்ணா. அந்த டிரைவரை பஸ் ஏத்தி உட்டேன், ஊட்டுக்குப் போயிட்டாருன்னீங்களே. அந்த ஊட்டுல நாந்தானுங்க இருக்கேன். அவரு இன்னும் வந்து சேரலீங்க. எந்த எடத்துல எறக்கி உட்டீங்கன்னு சொல்லுங்க, நான் போயிக் கூட்டியாந்துக்கறேன்.